சாகாதவரின் கையெழுத்து

‘வாய்ப்பூட்டு’ தொடர்கதை: அத்தியாயம் பதினான்கு

"செலா, அப்பா செத்துக்கிட்டிருக்காருன்னு இங்க கம்ப்யூட்டர் சொல்லுதாம்!"

காலை ஒன்பது மணிக்குக் கணவன் ராமிரோ போனில் போட்ட கத்தலில், காருக்குள் உட்கார்ந்திருந்த செலா காப்பியை மடியில் கொட்டிக்கொண்டாள்.

"மெதுவாச் சொல்லு. க்ளினிக்ல என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும், அடைப்பு இருந்தா ஸ்டென்ட் வைக்கணும்னு ரெண்டு மாசமா இந்தத் தேதிக்குக் காத்துக்கிட்டிருந்தோம். கவுன்டர்ல இருக்கற பொண்ணு அப்பா கார்டைப் பாத்துட்டு, ‘ஐயா ஹாஸ்பிஸ்ல இருக்காரே, இதயத்துக்கு வைத்தியமே வேணாம்னு கையெழுத்துப் போட்டிருக்காரே’ங்கறா. அரசாங்க இன்ஷூரன்ஸ், அந்த மெடிகேர், இதுக்குப் பணம் தராதாம். அப்பா பக்கத்துலதான் நிக்கிறாரு. நேத்து ராத்திரிலேருந்து பட்டினி. ‘யார் சாகப்போறா, நானா? பசியிலயா?’ன்னு அவகிட்டயே கேக்கறாரு."

செலாவுக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் பார்பகோவா இறைச்சி சாப்பிட உட்கார்ந்தபோது, சல்சா எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அவள்தான். கதவுத் தட்டில் முட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருந்தது. உள்ளே மார்ஃபின். சாகப்போகிறவர்களின் கடைசி நாட்களுக்கான பெட்டி. நர்ஸ் வேலையில் அதை நூறு வீட்டு ஃப்ரிட்ஜில் அவளே வைத்திருக்கிறாள். கதவின் வெளிப்பக்கம், சர்ச் காலண்டருக்குக் கீழே ஒரு காந்தம் ஒட்டியிருந்தது. ‘அவசரமா? 911-ஐ அழைக்கும் முன் எங்களை அழையுங்கள்.’ கீழே ‘அமைதி அந்தி’ என்று அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர்.

அதுவரை, அந்த வீட்டுக்குக் கட்டிலும் உதவிக்கு ஒரு பெண்ணும் வந்ததெல்லாம் கம்பெனியின் இன்னொரு பிரிவான வீட்டு நர்ஸ் சேவையிலிருந்து என்றுதான் நினைத்திருந்தாள். ஹாஸ்பிஸ் அப்படியல்ல. ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவர்களை, இனி வைத்தியம் வேண்டாம், வலி தெரியாமல் போகட்டும் என்று பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

நல்ல ஏற்பாடுதான். அதில் உண்மையில் சாகிறவர்கள் மட்டும் இருந்தால்.

‘அமைதி அந்தி’யில் நன்றாக நடமாடுகிறவர்களையும் சாகிறவர்களாக எழுதி அரசாங்கத்திடம் பணம் வாங்குகிறார்கள் என்று எட்டு மாதத்துக்கு முன் அரசாங்கத்தின் சார்பில் வழக்குப் போட்டவள் செலா. விசாரணை முடியும்வரை வழக்கு இருப்பதே வெளியில் தெரியக் கூடாது என்று நீதிபதி முத்திரை வைத்துவிட்டார். கம்பெனிக்குத் தெரியக் கூடாது, கணவனுக்கும் தெரியக் கூடாது. ஆள் சேர்ப்பவர்கள் என்று அவள் கொடுத்த பட்டியலில் மூன்றாவது பெயர் யோலாண்டா. ராமிரோவின் அக்கா.

யோலி தன் அப்பாவையே சேர்த்திருப்பாள் என்று மட்டும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்க்கும்வரை செலாவுக்குத் தோன்றவே இல்லை. பார்த்த பிறகும், முத்திரையை நினைத்து யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

"லைன்ல இருக்கியா?" என்றான் ராமிரோ. "ஒரு மணிக்குள்ள பேப்பர் சரியானா டாக்டர் பாப்பாராம். இல்லேன்னா ஜனவரிதானாம்."

"வரேன். மாமா எதையும் சாப்பிட்டுடாமப் பாத்துக்கோ."

போனை வைத்ததும் சான் அன்டோனியோவில் இருக்கும் தன் வக்கீலை அழைத்தாள்.

வக்கீல் விட்லாக் அம்மா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார். "வழக்கைப் பத்தி ஒரு வார்த்தையும் வரக் கூடாது, செலா. ஆனா எந்த நோயாளியும் எப்ப வேணும்னாலும் நாலு வரி எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுட்டு அந்தத் திட்டத்துலேருந்து வெளிய வரலாம். அதை எந்த நர்ஸும் எந்த நோயாளிக்கும் சொல்லலாம். நீங்க சொல்லித்தான் ஆகணும்."

"கம்பெனிக்கு என் மேல சந்தேகம் வருமே?"

"வரும். உங்க மாமனாருக்கு என்ன வயசு?"

"எழுபத்தி நாலு."

"அப்ப கிளம்புங்க."

* * *

க்ளினிக்கின் கார் நிறுத்துமிடத்தில், மேலே ஏணி கட்டிய வேனுக்குள் ராமிரோவும் அவன் அப்பா எவரிஸ்தோவும் உட்கார்ந்திருந்தார்கள். ராமிரோ ஏசி ரிப்பேர் செய்கிறவன். டெக்ஸஸின் தென்கோடியில், வெயில் ஓயாத மெக்காலென் நகரத்தில் அவனுக்கு நவம்பரிலும் ஓய்வு கிடையாது. டாஷ்போர்டில் வெள்ளித் தாளில் சுற்றிய டாக்கோ ஒன்று இருந்தது. முட்டையும் சொரீசோ இறைச்சியும் வைத்து மடித்த ரொட்டி. எவரிஸ்தோவின் கண் அதன் மேலேயே இருந்தது.

மருமகளைப் பார்த்ததும் எவரிஸ்தோ வைக்கோல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். டாக்டரைப் பார்க்க வருவதற்காக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளக்கும் பூட்ஸ், தாராளமாகச் சென்ட்.

"வா மகளே. கடைசியா ஒரு தடவை பாத்துக்கோ."

"விளையாடாதீங்க மாமா. மே மாசம் யோலி ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாளா?"

"ஆமா, புரோகிராம். முதியோர் சென்டர்ல பாதிப் பேர் அதுலதான் இருக்காங்க. கட்டில் இலவசம், குளிப்பாட்ட ஒரு பொண்ணு வரும்னா. பொண்ணு வந்தா. நான் என்ன குழந்தையா, குளிப்பாட்ட விடல. துணி மடிச்சு வெச்சுட்டு என்கூட ரெண்டு கை லோத்தேரியாச் சீட்டு ஆடிட்டுப் போவா. ஏமாத்தி ஆடுவா. மத்தபடி நல்ல பொண்ணு."

"பேப்பர்ல என்ன எழுதியிருந்ததுன்னு பாத்தீங்களா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு."

செலா சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். இருபது வருடத்தில் எத்தனையோ குடும்பங்களிடம் ‘ஆறு மாதம்’ என்று சொல்லியிருக்கிறாள். பூட்ஸ் போட்டுக்கொண்டு டாக்கோவைப் பார்க்கும் மனிதரிடம் சொன்னதில்லை.

எவரிஸ்தோ விரல் விட்டு எண்ணினார்.

"அன்னையர் தினத்துக்கு மறுநாள் கையெழுத்துப் போட்டேன். உங்க அத்தை கல்லறைக்குப் பூ வெச்சுட்டு வந்த கையோட. இன்னிக்கு நவம்பர் பதினெட்டு. அப்ப நான் போன வாரமே செத்திருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "போன வாரம் சென்டர்ல தோன்யா குக்காவோட ரெண்டு கும்பியா டான்ஸ் ஆடினேனே."

"ஆடும்போது நெஞ்சு வலிச்சுதா?"

"வலிச்சுது. உக்காந்திருந்தா அவ வேற ஆளோட ஆடியிருப்பா. அது இன்னும் வலிச்சிருக்கும்."

ராமிரோ சிரித்துவிட்டான்.

"வீட்டுக்கு வந்தப்புறமும் வலி நிக்கல," என்றார் எவரிஸ்தோ. "இடது கையெல்லாம் இழுத்துச்சு. ஃப்ரிட்ஜ்ல இருக்கற நம்பருக்குப் போன் பண்ணினேன். முக்கால் மணி கழிச்சு ஒரு நர்ஸ் வந்தா. அந்த வெள்ளைப் பெட்டிய எடுத்து, நாக்குல ரெண்டு சொட்டு விடறேன், தூக்கம் வரும்னா. கசக்கும்போல இருந்துச்சு, வேணாம்னுட்டேன்."

ராமிரோவின் சிரிப்பு நின்றது. "911-க்கு ஏன்பா போன் பண்ணல? எனக்கு ஏன் பண்ணல?"

"முதல்ல அவங்களுக்குப் பண்ணச் சொல்லி எழுதியிருக்கு. எழுதினவங்களுக்குத் தெரியாதா?"

கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த கறுப்புப் பறவைகள் இரைந்துகொண்டிருந்தன.

கம்பெனி கொடுத்து, எந்த டாக்டரிடம் போனாலும் எடுத்துப்போகச் சொல்லியிருந்த நீல ஃபைல் சீட்டில் கிடந்தது. செலா பிரித்தாள். நோய்: இதயச் செயலிழப்பு, இறுதிக் கட்டம். நடை: உதவியின்றி முடியாது. மேல்கைச் சுற்றளவு: மே மாதம் இருபத்தேழு சென்டிமீட்டர், ஜூலையில் இருபத்தைந்து, செப்டம்பரில் இருபத்திரண்டு.

படுத்திருக்கும் நோயாளியைத் தராசில் நிறுத்த முடியாது. அதனால் கையைத்தான் அளப்பார்கள். கை சிறுத்துக்கொண்டே போனால் ஆள் தேய்கிறார் என்று அர்த்தம், திட்டத்தை நீட்டிக்கலாம். நாடாவை எப்படி இறுக்க வேண்டும் என்று கம்பெனியில் அவளுக்கும் ஒருவர் சொல்லிக் கொடுக்க வந்தார். அன்றைக்குத்தான் இந்தக் கதையே ஆரம்பித்தது.

செலா பையிலிருந்து நாடாவை எடுத்தாள். "சட்டையை மடக்குங்க மாமா."

எவரிஸ்தோ பாசனக் கால்வாயில் நாற்பது வருடம் மதகுச் சக்கரம் திருப்பியவர். மடக்கிய சட்டைக்குள்ளிருந்து வெளிவந்த கை அதை மறக்கவில்லை. செலா நிதானமாக இரண்டு முறை அளந்தாள்.

"முப்பத்தி மூணு."

எவரிஸ்தோ தன் கையையே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். யாரோ அந்நியருடைய கையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டா வெளிய வந்துடலாம் மாமா. இன்னிக்கே டாக்டர் பாப்பார்."

"போட்டா யோலிக்கு வேலை போயிடுமா?"

செலா நாடாவை விரலில் சுற்றினாள்.

"அவ வரட்டும். அவ முகத்தைப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

"மணி பதினொண்ணு ஆச்சுப்பா!"

"அப்ப சீக்கிரம் கூப்பிடு. எனக்குப் பசிக்குது."

ராமிரோ வேனுக்குப் பின்னால் போய் அக்காவை அழைத்தான். அவன் பேசி முடித்த நேரத்தில் செலாவின் போன் ஒலித்தது. திரையில் 210 என்று தொடங்கும் சான் அன்டோனியோ எண். அவள் ஒலியை நிறுத்தினாள்.

"எடு," என்றான் ராமிரோ. "சான் அன்டோனியோ. எடுத்துப் பேசு."

"வேலை விஷயம்."

"உன் வேலை இங்க இருக்கு. எட்டு மாசமா பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டுப் பேசற. நான் ஏசிக்காரன் செலா. வெளிய மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, வீட்டுக்குள்ள குளிரே இல்லேன்னா என்ன கோளாறுன்னு கதவைத் திறக்காமலே சொல்லுவேன். யார் அவன்?"

"அவன்னு யாரும் இல்ல."

"அப்ப யார்னு சொல்லு."

சொல்லிவிட்டால் ஒரு நொடியில் அவன் முகம் தெளிந்துவிடும். அடுத்த நொடியில், தன் அக்காவைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவள் இவள் என்று தெரிந்துவிடும்.

"சொல்ல முடியாது ராமிரோ," என்றாள். "நம்புன்னு கேக்கற உரிமைகூட எனக்கு இல்ல. ஆனா கேக்கறேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

* * *

யோலி வந்து இறங்கியபோது பன்னிரண்டு இருபது. கழுத்தில் கம்பெனி அட்டை, உதட்டில் சிவப்புச் சாயம், கையில் இனிப்பு ரொட்டி நிறைந்த இரண்டு ரோஸ் நிறப் பெட்டிகள். டாக்டர்களின் வரவேற்பறைகளுக்கும் முதியோர் சென்டர்களுக்கும் ரொட்டியோடு போய் ஆள் பிடிப்பதுதான் அவள் வேலை. பதற்றத்தில் அவற்றையும் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

"அப்பா, இங்க வரதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

எவரிஸ்தோ வேனிலிருந்து இறங்கி நின்றார்.

"மகளே, நான் எப்பச் சாவேன்?"

விரித்த நீல ஃபைலையும் செலாவின் கையிலிருந்த நாடாவையும் பார்த்தாள் யோலி.

"அது சும்மா ஒரு வார்த்தைப்பா. ஃபார்ம்ல ஒரு கட்டம், அவ்வளவுதான். டிக் பண்ணாத்தான் கட்டில் வரும்."

"நான் கட்டில் கேட்டேனா?"

"அம்மா கேட்டாங்களே! கடைசி மூணு மாசம் சோபாவுல சுருண்டு கிடந்தாங்க. ஒரு கட்டிலுக்காக எத்தனை ஆபீஸ்ல நான் நின்னேன்னு உங்களுக்குத் தெரியுமா? யாராவது கொடுத்தாங்களா? உங்களுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னுதான்..."

"அக்கா," என்றான் ராமிரோ, "அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப மார்ஃபின் குடுத்துத் தூங்க வைக்கப் பாத்திருக்காங்க. உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது. கீழே எங்காவது உட்கார இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். வேனின் படியில் உட்கார்ந்தாள்.

"மாசம் நாலு பேர் சேக்கணும்," என்றாள் யாரையும் பார்க்காமல். "மே மாசம் எனக்கு மூணு பேர்தான் கிடைச்சாங்க."

"நாலாவது அப்பாவா?"

அவள் தலையாட்டினாள்.

ராமிரோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். எவரிஸ்தோ கையை உயர்த்தி நிறுத்தினார். டாஷ்போர்டில் கிடந்த அவனுடைய பில் புத்தகத்தை எடுத்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். இரண்டையும் மகளிடம் நீட்டினார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. நீ எழுது."

"நானா? அப்பா, என் கையெழுத்து ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். செலா எழுதட்டும்."

"செலா என்னைச் சாகடிக்கல. நீ உன் கையால சாகப்போறவன்னு எழுதின. உன் கையாலயே உயிரோட இருக்கறவன்னு எழுது."

"மாட்டேன்னா?"

எவரிஸ்தோ டாஷ்போர்டுப் பக்கம் திரும்பி டாக்கோவை எடுத்தார். வெள்ளித் தாளைப் பிரித்தார். ஒரு வாய் உள்ளே போனாலும் இன்றைக்குக் குழாய் விடமாட்டார்கள் என்று அங்கிருந்த நால்வருக்கும் தெரியும்.

"சொரீசோ வாசனை நல்லா இருக்கு," என்றார்.

"மாமா!"

"அப்பா, வெச்சுடுங்க!"

அவர் வாயைத் திறந்தார்.

"எழுதறேன்!" என்று கத்தினாள் யோலி.

ரொட்டிப் பெட்டியின் மூடியை மேசையாக்கி, ஏசி பில்லின் பின்பக்கத்தில் அழுதுகொண்டே எழுதினாள். ‘எவரிஸ்தோ கர்சா ஆகிய நான் இன்று முதல் ஹாஸ்பிஸ் திட்டத்திலிருந்து விலகுகிறேன். எனக்கு வைத்தியம் வேண்டும்.’ தேதி போட்டாள். மனப்பாடமாகத் தெரிந்த வாசகம்தான். ஒரு நோயாளிக்குக்கூட இதுவரை அவள் எழுதிக் கொடுத்ததில்லை.

எவரிஸ்தோ வேன் கதவில் காகிதத்தை வைத்து அழுத்தி, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டார். ராமிரோ படம் எடுத்தான். படம் கம்பெனிக்கு, காகிதம் க்ளினிக்குக்கு. கவுன்டரில் இருந்த பெண் அதைக் கையில் வாங்கியபோது ஒரு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது.

சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு எவரிஸ்தோ மறுத்தார். "நடக்க முடியாதுன்னு எழுதினவங்களை வந்து தள்ளச் சொல்லு," என்று சொல்லிவிட்டு, பூட்ஸ் டக் டக்கென்று ஒலிக்க உள்ளே போனார்.

* * *

மூன்றரை மணிக்கு டாக்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு வந்தார். இரண்டு ஸ்டென்ட். ஒரு ரத்தக்குழாய் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அடைத்திருந்ததாம். "ஜனவரி வரைக்கும் விட்டிருந்தா நான் பொறுப்பில்ல," என்றார். "இப்ப நல்லா இருக்காரு. எப்ப ஆடலாம்னு கேக்கறாரு."

ராமிரோ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். யோலி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு செலாவின் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நாலாய் மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"இன்னிக்குக் காலைல ஆபீஸ்ல எல்லாருக்கும் கொடுத்தாங்க. அரசாங்கத்துலேருந்து அஞ்சு வருஷ ஃபைலெல்லாம் கேட்டிருக்காங்களாம். உள்ள இருக்கற யாரோதான் வக்கீல்கிட்டப் போயிருக்காங்க. இந்த மாதிரி கேசெல்லாம் சான் அன்டோனியோ வக்கீலுங்கதான் எடுப்பாங்கன்னு மானேஜர் சொல்றாரு." குரலைத் தாழ்த்தினாள். "செலா, அந்த ஆளு என் பேரையும் எழுதிக் கொடுத்திருப்பாங்களா? சொந்த அப்பனையே சேத்தவன்னு?"

செலா அந்தக் காகிதத்தைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, அவர்களுக்கு நடுவில் இருந்த சின்ன மேசையில் அவளுடைய போன் அதிர்ந்தது. 210.

யோலி குனிந்து பார்த்தாள். "சான் அன்டோனியோ நம்பர் இல்ல இது?"

சுவரில் சாய்ந்திருந்த ராமிரோ கண்ணைத் திறந்தான். போனைப் பார்த்தான், அக்காவின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான், கடைசியாக மனைவியைப் பார்த்தான். எட்டு மாதமாகத் தேடிய கோளாறு அகப்பட்டுவிட்டது என்று அந்த முகம் சொன்னது.

நடந்து வந்து போனை எடுத்து அணைத்தான்.

"டாக்டர் ஆபீஸ்," என்றான் அக்காவிடம். "குழந்தைக்காக. எட்டு மாசமா அங்க ஒரு டாக்டரைப் பாத்துக்கிட்டிருக்கோம். யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாதே."

கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கிறவள் யோலி. இன்று முழுவதும் அடக்கி வைத்த மிச்ச அழுகையெல்லாம் வேறு அழுகையாக மாறியது. செலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என்கிட்டக்கூட மறைச்சிட்டியேடி! இத்தனை நாளாத் தனியாவா சுமந்துக்கிட்டிருந்த?"

"ஆமா," என்றாள் செலா. அன்று அவள் யோலியிடம் சொன்ன ஒரே உண்மை அது.

முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று யோலி எழுந்து போனதும், அந்தக் காலி நாற்காலியில் ராமிரோ உட்கார்ந்தான். வேனிலிருந்து எடுத்து வந்த டாக்கோ அவன் கையில் இருந்தது. காலையிலிருந்து அவனும் சாப்பிடவில்லை.

"எதுவும் சொல்லாதே," என்றான் வெள்ளித் தாளைப் பிரித்துக்கொண்டே. "சொல்லக் கூடாதுன்னு புரியுது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அக்கா பேர் அதுல இருக்கா?"

செலா அவனைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. பார்வையையும் திருப்பிக்கொள்ளவில்லை.

வராண்டாவின் கோடியில் யோலி குழாயை மூடும் சத்தம் கேட்டது.

ராமிரோ டாக்கோவை ஒரு வாய்கூடக் கடிக்காமல் மறுபடி தாளில் சுற்றினான். ஓரங்களைப் பொறுமையாக மடித்து, ஏற்கனவே இருந்ததுபோலவே ஆக்கி, மடியில் வைத்துக்கொண்டான்.